பயோ ஆயில்ல புதுசா இறங்குறவங்களுக்கு: மிஷினை விடுங்க, சாம்பலைப் பாருங்க

பயோ ஆயில்னா மரத்தூள் மாதிரி சமாச்சாரத்தை காத்துப் படாம சட்டுனு சூடாக்கி, வர்ற ஆவியை கண்டன்சர்ல குளிரவச்சு எடுக்குற எண்ணெய். துண்டு பெருசா இருக்கக்கூடாது, தூள் நல்லா காஞ்சிருக்கணும், இதெல்லாம் எழுத வரல, முதல் வாரத்துலயே மிஷின் சொல்லிக்குடுத்துடும். ஆனா ஒரு தப்பு இருக்கு, கிருஷ்ணகிரி பக்கம் என்கிட்ட வர்ற பசங்க வரிசையா அதையே பண்றாங்க.

பொட்டாசியத்தை மறக்குறது

புக்குல இருக்கும்: 500 டிகிரி, ஆவி 2 செகண்டுக்குள்ள குளிரணும், 100 கிலோவுக்கு 75 கிலோ வரைக்கும் ஆயில். அது சாம்பல் கம்மியான மரத்தூளுக்கு. இதைப் படிச்சிட்டு காவேரிப்பட்டணம் பக்கத்துல ஒரு தம்பி, வயல்ல சும்மாதானே கெடக்குதுன்னு ராகித் தாளை அரைச்சுப் போட்டான். வந்தது மேல தண்ணி, அடியில கொஞ்சூண்டு தார். "கண்டன்சர் சரியில்லண்ணே"ன்னு புதுசு வாங்கி மாட்டினான், மறுபடி அதே தண்ணி, அப்புறம் ஹீட்டரை மாத்தினான். சாம்பல் டெஸ்ட் எடுத்தியாப்பான்னா முழிக்கிறான். கண்டன்சர் பில்லை நினைச்சா எனக்கு இன்னிக்கும் வயிறு எரியுது, காசு அவனோடதா இருந்தாலும்.

விஷயம் இதான். மரத்துலயும் தாள்லயும் நார்ச்சத்தா இருக்குற செல்லுலோஸ்ங்கிறது குளுக்கோஸ் கோத்த சங்கிலி. சுத்தமா இருந்தா, சட்டுனு சூடு ஏறும்போது கண்ணி கண்ணியா கழண்டு பாதிக்கு மேல லெவோகுளுகோசனா வரும், அது ஆயில்ல சேர்ற ஒரு சர்க்கரைப் பொருள். சாம்பல்ல நிக்கிற பொட்டாசியம் துளி இருந்தா கூட கண்ணி கழலாது, குளுக்கோஸ் வளையமே ஒடையும், அப்ப கிளைகாலால்டிஹைடு, ஃபார்மிக் ஆசிட், தண்ணி, கேஸ், கூடவே கரி. தாள், தழை மாதிரி சமாச்சாரத்துல மரத்தை விட பொட்டாசியம் ஜாஸ்தி. சாம்பல் சதவீதத்தை மட்டும் பாத்தும் ஏமாறாதீங்க, நெல் உமியில 15-20 சதவீதம் சாம்பல், ஆனா பெரும்பாலும் சிலிக்கா, அது தேமேன்னு கெடக்கும். அதனால பொட்டாசியத்தை தனியா பாக்கணும், மண் பரிசோதனை லேப்ல இருக்குமே ஃப்ளேம் போட்டோமீட்டர், அதுலயே பாக்கலாம்.

தாள்ல இருக்குற பொட்டாசியத்துல பெரும்பகுதி தண்ணியிலயே கரையும். ஊறவச்சு அலசி காயவச்சுப் போடுங்க, கழுவின தண்ணியை மாந்தோப்புக்கு விட்டுடலாம். இன்னும் சுத்தம் வேணும்னு சல்ஃபியூரிக் ஆசிட்டுல கழுவுறவங்க அலசுறதுல சோம்பேறித்தனம் பட்டா, மிச்சமிருக்கிற ஆசிட் தண்ணியைப் பிரிச்சு எடுத்து லெவோகுளுகோசினோன்ங்கிற வேற பொருள் பக்கமும் கரி பக்கமும் இழுத்துட்டுப் போயிடும். பொட்டாசியத்துக்குப் பயந்து இதுல மாட்டிக்காதீங்க.

கழுவிட்டா ஆயிலோட புளிப்பு போயிடும்னு நினைக்கிறது

போகாது. புளிப்பைக் குடுக்குற அசிட்டிக் ஆசிட், செல்லுலோஸ் கூடவே இருக்குற இன்னொரு சர்க்கரைச் சங்கிலியான ஹெமிசெல்லுலோஸ்ல ஒட்டியிருக்குற அசிட்டைல் குரூப்ல இருந்து வருது, ஆயில்ல இருக்குற ஃபர்ஃபியூரல்ங்கிற பொருளும் முக்கியமா ஹெமிசெல்லுலோஸ்ல இருந்துதான். அந்த புகை வாசனை, நாரை ஒட்டிப் பிடிச்சிருக்குற லிக்னினோடது, அதுல இருந்து குவையகால்ங்கிற பொருள் வரும், ஊசியிலை மரமா இல்லன்னா சிரிங்காலும் சேந்து வரும்.

காய்ச்சி வடிக்கிறது

பெட்ரோல் மாதிரி பிரிக்கலாம்னு அடுப்புல ஏத்தாதீங்க. சூடு ஏற ஏற ஒண்ணோட ஒண்ணு சேந்து கெட்டியாயிடும், பாதி வரைக்கும் சட்டியிலயே கட்டியா நிக்கும். சட்டியும் போச்சு.

இரும்பு டிரம்

பிஎச் 2-3. அரிச்சுடும். பிளாஸ்டிக் கேன்.

டீசல்ல கலக்குறது

கலக்காது.

மூடின ஷெட்டு

வர்ற கேஸ்ல கார்பன் மோனாக்சைடு இருக்கு, வாசனையே தெரியாது. ஷட்டரை தெறந்து வச்சுட்டு ஓட்டுங்க, மழை பெஞ்சாலும்.