பில் பிரிண்ட் போகாமல் டிஎல்எல் எரர் வந்தால்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்கும் மாங்காய் மண்டிகளுக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் பார்த்துக் கொடுக்கிறேன். பெங்களூரா ரக மாங்காய் லோடு வந்து குவிகிற ஜூன் மாதம் பார்த்துத்தான் பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போடும். புதுசு வாங்கி, சாஃப்ட்வேர் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்வார்கள். என்ட்ரி எல்லாம் விழும். எடைச் சீட்டுக்கு பிரிண்ட் கொடுத்தால் மட்டும் 'குட் நாட் லோட் ஃபைல் ஆர் அசெம்ப்ளி', அதாவது தேவையான ஃபைலை ஏற்ற முடியவில்லை என்று நிற்கும்.

சீட்டைத் தயாரிப்பது கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் ரன்டைம் என்ற துணை சாஃப்ட்வேர். அதைத் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டும், ஃபோல்டரோடு வராது. காணாமல் போன டிஎல்எல்லை (சாஃப்ட்வேர் ஓடத் தேவையான துணை ஃபைல்) மட்டும் நெட்டில் தேடி இறக்கவே வேண்டாம். ஒன்றைப் போட்டால் அது இன்னொன்றைக் கேட்கும். கூடவே வைரஸ் வந்தால் அது வேறு தலைவலி.

எரரை மூடுவதற்கு முன் மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'வெர்ஷன்' பக்கத்தில் இருக்கும் எண்தான் முக்கியம். 13.0.2000.0 என்றிருந்தால் சர்வீஸ் பேக் (அப்டேட் தொகுப்பு) 20 வரைக்குமான ரன்டைம் வேண்டும். 21-லிருந்து அந்த எண் 13.0.3500.0 ஆகிவிட்டது. புதுசுதானே நல்லது என்று லேட்டஸ்ட்டைப் போட்டுவிட்டு, 'சார், மறுபடியும் அதே எரர்' என்று கூப்பிடுகிறவர்கள் நிறைய.

அடுத்தது 32 பிட்டா, 64 பிட்டா என்பது. விண்டோஸைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாஃப்ட்வேரைத் திறந்து வைத்து, டாஸ்க் மேனேஜரில் 'டீடெய்ல்ஸ்' போங்கள். மேல் தலைப்பில் ரைட் கிளிக் செய்து 'பிளாட்ஃபார்ம்' நெடுவரிசையைச் சேர்த்தால் தெரிந்துவிடும். அங்கே 32 என்றால் ரன்டைமும் 32தான். சந்தேகமாக இருந்தால், 64 பிட் விண்டோஸில் இரண்டையும் போடுங்கள், ஒன்றோடொன்று மோதாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் எரரில் 'அடோபிளஸ்' என்ற பெயர் வருகிறதா? பெரும்பாலும் அந்த ஃபைல் அதன் இடத்திலேயே இருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் 4-இல் எழுதிய சாஃப்ட்வேரில் வருகிற வழக்கமான கோளாறு இது. சாஃப்ட்வேரின் எக்ஸ்இ ஃபைல் பக்கத்தில் இருக்கும் கான்ஃபிக் ஃபைலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த நோட்பேடில் எடுத்து, 'ஸ்டார்ட்அப்' டேகுக்குள் 'யூஸ்லெகஸிவி2ரன்டைம்ஆக்டிவேஷன்பாலிஸி' (useLegacyV2RuntimeActivationPolicy) என்பதை 'ட்ரூ' என்று கொடுங்கள். ஒரே சொல், நடுவில் இடைவெளி கூடாது. ஏற்கெனவே ஸ்டார்ட்அப் டேக் இருந்தால் அதிலேயே சேர்க்க வேண்டும், இன்னொன்று போட்டால் சாஃப்ட்வேரே திறக்காமல் போகலாம்.

அப்புறம், வேலை செய்த ரன்டைம் செட்அப்பை டேட்டா பேக்கப் இருக்கும் பென் டிரைவிலேயே போட்டு வையுங்கள்.