மூன்று முள், வெள்ளை டயல்: எளிமையான வாட்ச் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் அப்பாவிடம் ஒரே ஒரு வாட்ச்தான் இருந்தது, எச்எம்டி ஜனதா. வெள்ளை டயல், மணிக்கு ஒரு மெல்லிய கோடு, மூன்று முள், தேதி கிடையாது. காலையில் காபி ஆறுவதற்குள் அதற்குச் சாவி கொடுத்து முடித்துவிடுவார். இன்று என்னிடம் ஏழு வாட்ச் இருக்கிறது, ஏழுமே அந்த ஜாடைதான்: பார்த்த கணத்தில் மணி தெரிய வேண்டும், அதற்கு மேல் டயலில் ஒன்றும் வேண்டாம். இந்த ரகம் பிடித்துப்போய் சேர்க்க ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். முதல் தவறு நான் செய்தது, இன்னும் மனசு ஆறவில்லை.

அப்பாவின் ஜனதா என் கைக்கு வந்தபோது அதன் கேஸ், அதாவது உலோக வெளிக்கூடு முழுக்கக் கீறல். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்கு பாலிஷ் போடும் ஓர் இடத்தில், வீட்டுக் கொலுசோடு சேர்த்து அதையும் கொடுத்துவிட்டேன். கொலுசு புதுசு போலப் பளபளவென்று வந்தது. வாட்ச்சோ, பட்டை மாட்டும் காதுகளின் கூர்மையான ஓரமெல்லாம் மழுங்கி, மூலைகளில் மஞ்சளாகப் பித்தளை எட்டிப்பார்க்க வந்தது. அந்தக் காலத்து ஜனதாவின் கேஸ் பித்தளை மேல் குரோம் முலாம். சக்கரத்தில் வைத்துத் தேய்த்தால் முதலில் போவது முலாம்தான். முழு ஸ்டீல் கேஸ் என்றாலும் ஓரம் மழுங்குவது மழுங்குவதுதான், தேய்ந்த உலோகம் திரும்பி வராது. நாலு சின்ன டயலும் பட்டன்களும் உள்ள வாட்ச்சில் ஓரம் கொஞ்சம் தேய்ந்தால் யார் கண்ணிலும் படாது. ஒன்றுமே இல்லாத வாட்ச்சில் அந்த ஓரத்துக் கோடுதான் அழகே. கீறலை விட்டுவிடுங்கள். பழைய வாட்ச்சின் கண்ணாடி பெரும்பாலும் அக்ரிலிக், அதன் கீறலைப் பற்பசையும் மெல்லிய துணியும் வைத்துப் பத்து நிமிடம் பொறுமையாகத் தேய்த்தே போக்கிவிடலாம். கேஸை மட்டும் தொடாதீர்கள்.

அடுத்தது டயல். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டில் பெங்களூரில் எச்எம்டி வாட்ச் செய்யத் தொடங்கியது, 2016-ல் அந்த வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. பழைய எச்எம்டி கேட்டு ஆட்கள் அலைவதால், நைந்த டயலைச் சுரண்டிவிட்டு மறுபடி பெயின்ட் அடித்து விற்பது பெரிய வியாபாரமாகிவிட்டது. ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று கண்ணைப் பறிக்கிற நிறத்தில் எச்எம்டியின் பைலட் மாடலும் ஜனதாவும் மலிவாகக் கிடைத்தால் உடனே கையை நீட்டாதீர்கள். ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். நிமிடக் கோடுகள் ஒரே தடிமனில், ஒரே இடைவெளியில் இருக்கின்றனவா? எழுத்தின் விளிம்பு கசிந்து தடித்திருக்கிறதா? பன்னிரண்டாம் கோடு சரியாக நடுவில் நிற்கிறதா? பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இன்னொன்று: “தம்பி, நிமிட முள்ளோட நுனியப் பாருங்க, அது நிமிடக் கோட்டத் தொடணும். தொடாம பாதியிலயே நின்னா, முள்ளோ டயலோ ஒண்ணு வேற வாட்ச்சோடதுங்க.” புது வாட்ச் வாங்கும்போதும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். சுவிஸ் வடிவமைப்பாளர் மாக்ஸ் பில் வடிவமைத்த, ஜெர்மனியின் யுங்ஹான்ஸ் வாட்ச்சின் படத்தைத் தேடிப் பெரிதாக்கிப் பாருங்கள், முள்ளின் நீளத்துக்கும் கோட்டின் நீளத்துக்கும் எவ்வளவு பொருத்தம் என்பது புரியும்.

அளவில் ஏமாறுவதும் உண்டு. டயலில் ஒன்றும் இல்லாமல், சுற்றுவிளிம்பும் மெல்லியதாக இருந்தால் 36 மி.மீ. விட்டமுள்ள வாட்ச் கையில் 38 போலத் தெரியும். அது தெரியாமல் படத்தைப் பார்த்து 42 வாங்கினால் மணிக்கட்டில் சாப்பாட்டுத் தட்டைக் கட்டியதுபோல இருக்கும். விட்டத்தை மட்டும் பார்க்காமல் மேல் காதிலிருந்து கீழ்க் காது வரை எத்தனை மி.மீ. என்று கேளுங்கள், அது உங்கள் மணிக்கட்டின் அகலத்தைத் தாண்டக் கூடாது.

ஈரத்தைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு கார்த்திகை மாதம், அஸ்தம்பட்டியில் வேர்க்க வேர்க்கக் கிளம்பி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போய்ச் சேர்ந்தபோது, என் பழைய சாவி வாட்ச்சின் கண்ணாடிக்குள் பனி படர்ந்திருந்தது. கீழே உள்ளே புகுந்த ஈரக் காற்று, 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் கண்ணாடியில் நீராகப் படிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் தானாக மறைந்தும்விடும், எல்லோரும் அதோடு மறந்துவிடுவார்கள், அதுதான் தவறு. கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரம் உள்ளேயே இருந்து துருவாக மாறும், டயலில் புள்ளி விழும். அரிசிக்குள் புதைத்து வைப்பதெல்லாம் வேண்டாம், மறுநாளே மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறந்து காயவைத்து வாங்குங்கள். பின்மூடியில் தண்ணீர் தாங்கும் அளவு 30 மீட்டர் என்று இருப்பதை நம்பிக் கிளியூர் அருவியில் தலையை நீட்டுபவர்களும் உண்டு. அசையாமல் வைத்துச் சோதித்த அழுத்தத்தின் கணக்கு அது, கை கழுவுவதற்கும் தூறலுக்கும் போதும், அவ்வளவுதான்.

அப்புறம் காந்தம். சாவி வாட்ச் திடீரென்று நாளைக்கு ஐந்து பத்து நிமிடம் முன்னால் ஓடினால், மெஷின் போச்சு என்று பயந்து சர்வீஸுக்குக் காசு கொட்ட வேண்டாம். ராத்திரி அதை மொபைல் மேலோ, காந்த மூடி வைத்த கவர் மேலோ வைத்திருப்பீர்கள், உள்ளே இருக்கும் மயிரிழை ஸ்பிரிங் காந்தமாகி அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். காந்தம் எடுக்கும் சின்ன மெஷின் வைத்திருக்கும் கடையில் ஒரு நிமிட வேலை.

செல் வாட்ச்சுகளில் செய்யும் தவறு வேறு. பக்கத்திலேயே ஓசூரில் தயாராகும் டைட்டனில் எட்ஜ் என்று ஒன்று, முதலில் வந்தபோது மொத்தத் தடிமனே 3.5 மி.மீ., எளிமையான வாட்ச்சுக்கு நம் ஊர்ப் பக்கத்திலிருந்து இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அப்படி ஒன்றை ஆசையாக வாங்கி, செல் தீர்ந்ததும் “அப்புறம் போட்டுக்கலாம்” என்று பீரோவில் வைத்துவிடுகிறோம். தீர்ந்த செல் நாளாக ஆகக் கசியும், உள்ளே சர்க்யூட்டை அரிக்கும். கட்டப் போவதில்லை என்றால் இன்றைக்கே செல்லைக் கழற்றச் சொல்லிவிட்டு அப்புறம் பீரோவில் வையுங்கள்.