வெப்பப் பாடத்தைக் கேள்வியில் ஆரம்பியுங்கள்

காரைக்குடிப் பக்கம் இயற்பியல் எடுப்பவர்களே, வெப்பப் பாடத்தை வரையறையில் தொடங்காதீர்கள். ராத்திரி முழுக்க வகுப்பறையிலேயே கிடந்த ஒரு ஆத்தங்குடிக் கல்லையும் தேக்குப் பலகையையும் தொட்டுப் பார்க்கச் சொல்லி, எதன் வெப்பநிலை குறைவு என்று கேளுங்கள். கல் என்றால் ஒரு விரல், பலகை என்றால் இரண்டு, சமம் என்றால் மூன்று: பக்கத்தில் எட்டிப் பார்க்காமல் விரலால் விடை காட்டட்டும்.

விடைகள் கலந்து வந்தால் ரொம்ப நல்லது. மாற்றிச் சொன்னவரோடு இரண்டு நிமிடம் வாதாட விடுங்கள், அதுவரை நீங்கள் வாயே திறக்கக்கூடாது, மறுபடி விரல் காட்டச் சொல்லுங்கள். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991-இல் தொடங்கிய முறை இது. அனேகமாக எல்லோரும் தவறென்றால் மட்டும் முதலில் கொஞ்சம் விளக்குங்கள்.

அப்புறம் வெப்பமானியை வைத்துக் காட்டுங்கள்: இரண்டும் சமம்தான், கல் கையின் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் சில்லென்று இருக்கிறது. இதைக் காலை முதல் பீரியடிலேயே செய்துவிடுங்கள், சித்திரை மதியத்தில் அறை உடம்புச் சூட்டைத் தொட்டுவிட்டால் கல் குளிராது.