அப்பாவின் மாருதி 800-க்கு வீட்டு வாசலிலேயே பெயின்ட்

திருநகரில் அப்பா ஓட்டிய மாருதி 800-ஐ நானே தேய்த்து, நானே பெயின்ட் அடித்தேன். பொறுமை இருந்தால் நீங்களும் செய்யலாம்.

முதலில் துரு. கால்மிதியைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூடிரைவர் நுனியால் தரையைத் தட்டுங்கள். நல்ல தகடு 'டங்' என்னும். உளுத்தது பொத்தென்று உள்ளே போகும். அங்கே பட்டி வைத்து மூடவே கூடாது. வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வையுங்கள். அதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

மேல்துருவை 80 நம்பர் எமரித்தாளால் தகடு வெளுக்கும்வரை தேய்த்து, அன்றைக்கே பிரைமர். பள்ளத்துக்குப் பட்டி, மெல்லிசாக. காய்ந்ததும் 180, பிறகு 320 நம்பர் தாளால் தேய்ப்பு. கடைசி பிரைமர்மேல், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் 600 வாட்டர் பேப்பர். கண்ணை மூடி உள்ளங்கையால் தடவுங்கள். கண்ணுக்குத் தப்பிய மேடு கைக்குத் தெரியும்.

எங்கள் போர்த் தண்ணி உப்பு. பெயின்டுக்கு முன் அதில் கழுவிய பானெட்டில் மூன்றே மாதத்தில் அரிசி அரிசியாகக் கொப்புளம். மனசே விட்டுப்போச்சு. மறுபடி சுரண்டி, கடைசிக் கழுவலைக் கேன் தண்ணீரில் முடித்தேன், இன்றுவரை ஒன்றுமில்லை.

ஆடிக் காற்றில் அடிக்காதீர்கள், புழுதி ஒட்டும். சித்திரையில் வேப்பம்பூ உதிரும். மாசியில், பனி ஈரம் காய்ந்த பிறகு, மூன்று மெல்லிய கோட்டிங். ஹார்டனர் (பெயின்டை இறுக வைக்கும் திரவம்) கலக்கும் பெயின்டுக்கு முகத்தில் துண்டு கட்டினால் போதாது. ஆவி வடிகட்டும் மாஸ்க் கட்டாயம். நிறத்தை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும். நான் அப்பாவின் வெள்ளையையே வைத்துக்கொண்டேன்.