ஒக்கவாங்கோ சஃபாரி: மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

ஆப்பிரிக்காவில் சஃபாரி செல்ல விரும்பும் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பகுதியினர் முதலில் கேட்பது செலவு எவ்வளவு என்பதைத்தான். போட்ஸ்வானா நாட்டின் ஒக்கவாங்கோ டெல்டாவுக்குச் செல்பவர்கள் அதற்கும் முன்பாக எந்த மாதம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அங்கோலாவின் மேட்டுநிலத்தில் மார்கழி முதல் மாசி வரை கொட்டும் மழைநீர், சரிவு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத சமவெளியில் நாணலுக்கும் கோரைக்கும் இடையே ஊர்ந்து டெல்டாவை நிறைக்கச் சில மாதங்கள் ஆகின்றன. ஆகவே, உள்ளூரில் மழையே இல்லாத ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வறட்சிக் காலத்தில்தான் அங்கே வெள்ளம் உச்சத்தை எட்டுகிறது. குடகில் பெய்த மழைக்குப் பவானி கூடுதுறையில் ஆடிப்பெருக்குக் கொண்டாடும் நமக்கு இது புரியாத கணக்கன்று. ஆனால் ஒக்கவாங்கோ ஆறு கடலைச் சேர்வதில்லை. மேட்டூர் அணையை நான்கு முறை நிரப்பக்கூடிய நீர், அதாவது ஆண்டுக்குச் சுமார் 11 கன கிலோமீட்டர், கலகாரி மணற்பரப்பில் பரவிப் பெரும்பகுதி ஆவியாகிவிடுகிறது.

படகுப் பயணமே முதன்மை என்றால் ஆடி மாதம் செல்லலாம். வெள்ளம் வடியும் செப்டம்பர், அக்டோபரில் விலங்குகள் எஞ்சிய நீரைச் சுற்றித் திரள்வதால் அவற்றைக் காண்பது எளிது. ஆனால் அக்டோபர் வெயில் கரூரின் கத்திரி வெயிலுக்குச் சளைத்ததன்று. பள்ளி விடுமுறைக்காக ஏப்ரலில் செல்பவர்கள், புல் உயர்ந்து நிற்பதையும் விலங்குகள் சிதறிக் கிடப்பதையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

டெல்டாவின் வாசல் மவுன் என்னும் ஊர். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அங்கே விமானம் உண்டு. பல முகாம்களுக்கு அங்கிருந்து சிறு விமானத்தில்தான் போக முடியும். அதில் ஒருவருக்குப் பொதுவாக 15 முதல் 20 கிலோ சுமை வரையே ஏற்றுவார்கள், அதுவும் மடங்கக்கூடிய துணிப்பையாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்த பெட்டியோடு போய்ச் சேர்ந்த என் மைத்துனர், பாதித் துணியை மவுனிலேயே விட்டுவிட்டுப் போக நேர்ந்தது. மண்நிறப் பனியன்கள் நான்கும், ஊட்டிக்கு எடுத்துச் செல்லும் ஸ்வெட்டரும் போதும். ஜூலை விடியற்காலையில் திறந்த ஜீப்பின் காற்று எலும்பில் ஏறும். மலேரியாத் தடுப்பு மாத்திரைக்கு முன்கூட்டியே மருத்துவரைப் பாருங்கள். சைவ உணவு உண்பவர்கள் முன்பதிவின்போதே மீன், கோழி, முட்டை என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வேண்டாமென எழுதிவிடுவது நல்லது.

டெல்டாவில் 1963இல் அறிவிக்கப்பட்ட மொரேமி வனவிலங்குக் காப்பகத்தில் வண்டி பாதையை விட்டு இறங்கக்கூடாது, இரவில் ஓடவும் கூடாது. அதைச் சுற்றியுள்ள தனியார் குத்தகை நிலங்களில் இரண்டும் உண்டு என்பதால், செலவு கூடினாலும் இரண்டு இரவுகளையாவது அங்கே கழிப்பதே என் பரிந்துரை. முகாம்களுக்குப் பெரும்பாலும் வேலி இல்லை. யானை கூடாரத்தை உரசிக்கொண்டு போகும். இருட்டிய பின் காவலர் துணையின்றிக் கூடாரத்தை விட்டு ஓரடியும் வெளியே வைக்கக்கூடாது.

மொக்கோரோ என்பது ஒரே மரத்தில் குடையப்பட்டு வந்த, டெல்டாவின் ஒடுங்கிய படகு. இப்போது பெரும்பாலும் கண்ணாடியிழையில் செய்கிறார்கள். நம் பரிசல்காரர் துடுப்பு போடுவார். அங்கே ஓட்டுபவர் படகின் பின்முனையில் நின்று நீண்ட கழியால் அடிமண்ணை ஊன்றித் தள்ளுகிறார். பயணி ஏறக்குறைய நீர்மட்டத்தில் அமர்ந்திருப்பதால், அல்லித் தண்டில் ஒட்டியிருக்கும் நகமளவுத் தவளைகூடக் கண்ணுக்கு நேராக வரும். அதைப் பார்க்கச் சாயாதீர்கள், கையை நீரில் விடாதீர்கள், எழுந்து நிற்கவே வேண்டாம். ஆழமான கால்வாயில் நீர்யானை இருக்கக்கூடும் என்பதால் ஓட்டுபவர் ஆழம் குறைந்த புல்வெளி நீரிலேயே செல்வார். அவர் கழியை நிறுத்திச் செவிகொடுத்தால் நீங்களும் பேச்சை நிறுத்திவிடுங்கள்.