பொட்டலத்தில் உள்ள கொழுப்பு விவரத்தைப் படிப்பது எப்படி?

உணவுப் பொட்டலத்தின் பின்புறம் உள்ள சத்து விவர அட்டவணையில் "மொத்தக் கொழுப்பு" என்ற வரியோடு நின்றுவிடுபவர்கள் பலர். ஆனால் அதன் கீழே வரும் துணை வரிகளில்தான் நமக்குத் தேவையான செய்தி இருக்கிறது. அவற்றைப் புரிந்துகொள்ளச் சிறிதளவு வேதியியல் போதும்.

நாம் உண்ணும் கொழுப்பில் பெரும்பகுதி ட்ரைகிளிசரைடு ஆகும். அதாவது, ஒரு கிளிசரால் மூலக்கூறுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்த பொருள். கொழுப்பு அமிலம் என்பது நீண்ட கார்பன் சங்கிலி. அதன் கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு ஏதும் இல்லையென்றால் அது நிறைவுற்றது, இருந்தால் நிறைவுறாதது. ஸ்டியரிக் அமிலம், ஓலியிக் அமிலம் இரண்டிலும் 18 கார்பன்களே உள்ளன. இருப்பினும் முன்னது சுமார் 69 டிகிரி செல்சியஸில்தான் உருகும்; ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பைக் கொண்ட பின்னதோ சுமார் 13 டிகிரியிலேயே உருகிவிடும். அந்தப் பிணைப்பு இருக்கும் இடத்தில் சங்கிலி வளைந்துவிடுவதால், மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கி அமைய முடிவதில்லை என்பதே காரணம்.

எண்ணெயைக் கெட்டிப்படுத்த அதைப் பகுதியளவு ஹைட்ரஜனேற்றம் (இரட்டைப் பிணைப்புகளில் ஹைட்ரஜனைச் சேர்த்தல்) செய்யும்போது, எஞ்சியிருக்கும் இரட்டைப் பிணைப்புகளில் சில வடிவம் மாறி, சங்கிலி மீண்டும் நேராகிவிடுகிறது. இதுவே ட்ரான்ஸ் கொழுப்பு. இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லைக் கூட்டி, நல்லதான எச்டிஎல்லைக் குறைக்கும் இதை முற்றிலும் தவிர்ப்பதே நல்லது.

அட்டவணையைப் படிக்கும்போது, அதில் உள்ள அளவுகள் 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்பதை முதலில் பாருங்கள். நீங்கள் உண்மையில் உண்ணும் அளவுக்கு ஏற்பக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அடுத்து, நிறைவுற்ற கொழுப்பைப் பாருங்கள். நாள்தோறும் பெறும் ஆற்றலில் இது 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரி தருவதால், 2000 கிலோ கலோரி உண்பவருக்கு இந்த வரம்பு ஏறத்தாழ 22 கிராம். ட்ரான்ஸ் கொழுப்புக்கான வரம்பு 1 சதவீதம், அதாவது 2 கிராம் சொச்சம். அந்த வரியில் 0 என்று இருந்தாலும் சேர்மானப் பட்டியலையும் பாருங்கள். அமெரிக்காவில், ஒரு பரிமாறலில் 0.5 கிராமுக்குக் குறைவாக இருந்தால் 0 என்றே குறிக்கலாம். "பகுதி ஹைட்ரஜனேற்றப்பட்ட எண்ணெய்" என்ற சொற்கள் தென்பட்டால் அந்தப் பொட்டலத்தை வாங்க வேண்டாம்.

தாவர எண்ணெயின் மேல் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. தாவரங்களில் கொலஸ்ட்ரால் மிக மிகச் சொற்பம் என்பதால் அது அந்த எண்ணெய்க்கு மட்டும் உரிய சிறப்பு அன்று. அதிலேயே நிறைவுற்ற கொழுப்பு மிகுந்திருக்கவும் கூடும்.

கொழுப்பைக் கண்டு அஞ்சி அடியோடு ஒதுக்குவதும் தவறுதான். லினோலியிக் அமிலம், ஆல்ஃபா லினோலினிக் அமிலம் ஆகிய இரு நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களை நம் உடலால் உருவாக்க முடியாது. உணவிலிருந்தே பெற்றாக வேண்டும். வைட்டமின் ஏ, டி, ஈ, கே ஆகியவற்றை உட்கிரகிக்கவும் கொழுப்பு தேவை. ஒவ்வொரு உயிரணுவின் சவ்வும் முக்கியமாகப் பாஸ்போலிப்பிடுகள் என்ற கொழுப்பு வகையால் ஆனதே. மேலே சொன்ன வரம்புகள் இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை. அவற்றைக் கைக்குழந்தைகளின் உணவுக்குப் பொருத்தவே கூடாது. நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்துவிட்டு அந்த இடத்தைச் சர்க்கரையாலும் தீட்டிய மாவாலும் நிரப்பினால் இதயத்துக்குப் பயனில்லை; நிறைவுறாக் கொழுப்பால் நிரப்புவதே பலன் தரும்.

அப்படித் தேர்ந்தெடுத்த எண்ணெயைப் பாதுகாப்பதிலும் கவனம் வேண்டும். இரட்டைப் பிணைப்புகள் கூடக்கூட எண்ணெய் ஆக்சிஜனோடு எளிதில் வினைபுரிந்து காறிப்போகும். வெளிச்சமும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். ஆகவே சிறிய புட்டியாக வாங்கி, இறுக மூடி, அடுப்பருகே வைக்காமல் இருட்டான இடத்தில் வையுங்கள். காறல் வாடை வந்ததும் கொட்டிவிடுங்கள்.