பேட்டரி மேல் பழி போடும் முன்: பழைய ஹைபிரிட் காரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கம் இப்போது பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் பழைய ஹைபிரிட் கார்கள் அவ்வப்போது கண்ணில் படுகின்றன. கொல்லத்திலும் புனலூரிலும் கைமாறி வரும் 2010 வாக்கு பிரியஸ், 2013-க்குப் பிந்தைய கேம்ரி ஹைபிரிட், அபூர்வமாக ஒரு சிவிக் ஹைபிரிட். டேஷ்போர்டில் முக்கோண விளக்கு எரிந்தால் போதும், "அண்ணாச்சி, பேட்டரி போச்சு, செட்டோட மாத்தணும்" என்று தீர்ப்பு வந்துவிடும். ஜீப்பும் லோடு வண்டியும் பார்த்துப் பழகிய மெக்கானிக்கைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியதை முதலில் சந்தேகப்படுவதில்தான் பணம் போகிறது.

நான் சொல்வது பெரும்பாலும் டொயோட்டா ஹைபிரிட்டுக்கு. மாருதி சியாஸ், எர்டிகாவில் வரும் எஸ்.எச்.வி.எஸ். என்ற லேசான ஹைபிரிட் வேறு சமாச்சாரம், அதில் உயர் வோல்டேஜ் பேட்டரியே கிடையாது.

வண்டியில் பேட்டரி இரண்டு. பெரியது பிரியஸில் 201.6 வோல்ட், கேம்ரியில் 244.8 வோல்ட். இன்னொன்று டிக்கியில் இருக்கும் சாதாரண 12 வோல்ட். இந்தக் கார்களில் தனியாக செல்ப் மோட்டார் இல்லை. பெரிய பேட்டரியில் ஓடும் மோட்டார்தான் இன்ஜினைச் சுற்றிவிடுகிறது. சின்ன பேட்டரி கம்ப்யூட்டர்களை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்களை இயக்கும், அவ்வளவுதான். அது பலவீனமானால், வண்டி ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு வராது. பிரேக், ஸ்டீரிங், ஹைபிரிட் என்று சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் தீபாவளி சரம் மாதிரி எரியும். ஹார்ன் அடிக்கிறதே, விளக்கு எரிகிறதே என்று அதை நல்ல பேட்டரி என்று விட்டுவிடுகிறார்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.5 வோல்ட் அளவில் இருந்தால் சரி. 12-க்குக் கீழே என்றால் முதலில் அதைச் சார்ஜ் போட்டு, லோடு டெஸ்ட் செய்த பிறகு மற்றதைப் பேசலாம்.

மாற்றும்போது விலை குறைவு என்று ஆசிட் ஊற்றும் பேட்டரியை டிக்கிக்குள் வைக்கக் கூடாது. வாயு வண்டிக்குள்ளேயே தங்கும். ஆசிட் ஊற்றத் தேவையில்லாத, மூடிய ஏ.ஜி.எம். வகை வாங்கி, வாயு வெளியேறும் சின்னக் குழாயை மறக்காமல் மாட்டச் சொல்லுங்கள். ஜம்ப் கொடுக்கும்போது பிளஸ், மைனஸ் மாறினால் செலவு எங்கேயோ போய் நிற்கும். வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்கிற வேலையும் இதில் நடக்காது.

அடுத்தது, ஸ்கேனர் போட்டதும் அதில் வரும் பிழை எண்ணை, அதாவது 'கோட்' (code) என்பதை, அழிப்பது. விளக்கு அணைந்தால் வேலை முடிந்தது என்று எண்ணம். கோடோடு சேர்ந்து, பிழை வந்த நேரத்துச் சூடு, வேகம், வோல்டேஜ் எல்லாம் பதிவாகியிருக்கும், அதுவும் போய்விடும். முதலில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பி0ஏ80 (P0A80) என்றால் பெரிய பேட்டரியின் பக்கம் போகலாம். பி0ஏ93 (P0A93) என்றால், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரின் குளிரூட்டும் பக்கம். இரண்டுக்கும் முக்கோணம் ஒன்றுதான், செலவு ஒன்றல்ல.

சரி, பெரிய பேட்டரிக்கே வருவோம். அதைக் கொல்வது பெரும்பாலும் சூடு. பின்சீட்டின் ஓரத்திலோ, சீட்டுக்குப் பின்னால் உள்ள தட்டிலோ ஒரு சல்லடை இருக்கும். வண்டிக்குள் இருக்கும் காற்றை அதன் வழியாக ஒரு ஃபேன் இழுத்துப் பேட்டரிக்குக் கொடுக்கிறது. குற்றாலம் சீசனில் ஈரத் துண்டு மூட்டையும், கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிறவர்களின் பையும் சரியாக அதன் மேல்தான் போய் உட்காரும். அறுவடை நேரத்துத் தூசி, நாய் வளர்க்கிற வீடானால் நாய் முடி, எல்லாம் ஃபேன் இறக்கையில் கம்பளி மாதிரி படிந்துவிடும். அந்த ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்யாமலே புது பேட்டரி போட்டால் அதுவும் அதே வழியில் போகும். உள்ளே இருக்கும் காற்றுதான் பேட்டரிக்கும் என்பதால், சித்திரை வெயிலில் ஏ.சி.யை அணைத்து மிச்சம் பிடிப்பது மிச்சமே இல்லை.

மலைப்பாதையில் இரண்டு பழக்கம். கோட்டைவாசல் தாண்டி எஸ் வளைவில் இறங்கும்போது நியூட்ரல் போடுவது ஒன்று. ஆபத்து என்பது எந்த வண்டிக்கும் பொருந்தும். இதில் கூடுதலாக, நியூட்ரலில் பேட்டரி சார்ஜே ஏறாது. செக்போஸ்டில் லாரிகளுக்குப் பின்னால் ஏ.சி. ஓட, நியூட்ரலில் நெடுநேரம் நின்றாலும் சார்ஜ் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். நிற்கும்போது டி-யில் பிரேக் பிடித்தோ, பார்க்கிங் பி-யிலோ (P) நில்லுங்கள். இறக்கத்துக்கு 'பி' (B) என்று இன்னொரு நிலை, லீவரில் டி-க்குப் பக்கத்தில் இருக்கிறது. பார்க்கிங் பி அல்ல, பிரேக்கிங்குக்கானது. பாதி இறக்கத்தில் பேட்டரி நிரம்பியதும் இன்ஜின் திடீரென்று இரைந்து சுற்றும். மிச்சச் சக்தியைச் செலவழிக்க அது அப்படித்தான் செய்யும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஒர்க்‌ஷாப் போனவர்கள் உண்டு.

ஏற்றத்தில் மட்டும் முக்கோணம் எரிகிறதா? இன்வெர்ட்டருக்கு இன்ஜினோடு சேராத தனி கூலன்ட், தனி மின்சார பம்ப். வண்டியை 'ரெடி'யில் வைத்து, இன்வெர்ட்டர் கூலன்ட் டப்பாவைப் பாருங்கள். உள்ளே கூலன்ட் சுழன்று அலைய வேண்டும். குளம் மாதிரி நின்றால் பம்ப் வேலை செய்யவில்லை. அதில் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிற தப்பையும் செய்யாதீர்கள். மூன்றாம் தலைமுறை பிரியஸில் காலையில் முதல் ஸ்டார்ட்டில் வண்டி உதறினால் அது பேட்டரி கோளாறே அல்ல. புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்து மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் இ.ஜி.ஆர். கூலர் கரி அடைத்து, கடைசியில் இன்ஜின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கட் போவது அந்த 1.8 லிட்டர் இன்ஜினின் அறிந்த பலவீனம். கூலன்ட் மெதுவாகக் குறைகிறதா என்று கவனியுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் பேட்டரிதான் என்றால், புளியரையிலிருந்து மேலே ஏறும்போது ஸ்கேனரில் பிளாக் வோல்டேஜைப் பாருங்கள். பிரியஸின் பெரிய பேட்டரி 28 சிறு பேட்டரிகளால் (மாட்யூல்) ஆனது, ஜோடி ஜோடியாக 14 பிளாக். ஒரு பிளாக் மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் சரிந்தால் அங்கேதான் கோளாறு. ஆனால் அந்த ஒரு மாட்யூலை மட்டும் மாற்றி அனுப்புகிறவரை நம்ப வேண்டாம். மற்றவையும் அதே வயதுதான், சில மாதங்களில் அடுத்தது விழும். மழை ஈரத்தில், மாட்யூல்களை இணைக்கும் செம்புப் பட்டைகளில் பச்சைக் களிம்பு பிடித்தும் இதே கோடு வரலாம். அப்போது சுத்தம் செய்தாலே போதும். இந்த வேலையை வீட்டில் முயலாதீர்கள். ஆரஞ்சு நிற வயர் போகிற இடமெல்லாம் உயிரைப் பறிக்கிற வோல்டேஜ். பயிற்சி உள்ளவரும் பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, 10 நிமிடம் காத்திருந்து, கையுறை போட்டுத்தான் தொடுவார்.

ஏ.சி. கடையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தக் கம்ப்ரசர் பெல்ட்டில் ஓடுவதல்ல, உயர் வோல்டேஜ் மோட்டாரில் ஓடுவது. சாதாரணக் கார்களுக்கு ஊற்றும் பி.ஏ.ஜி. ஆயிலை இதில் ஏற்றினால் மின்காப்பு கெட்டு, பி0ஏஏ6 (P0AA6) என்ற மின்கசிவு கோட் வந்து வண்டியே நின்றுவிடும். என்.டி. 11 ஆயில் என்று கேஸ் ஏற்றும் முன்பே சொல்லிவிடுங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாண்ணே" என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். நின்றுபோன வண்டியை எடுக்க வந்தவர் முன்சக்கரம் தரையில் உருள இழுக்கப் பார்த்தால் விடாதீர்கள். சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றி மின்சாரம் பிறக்கும். வண்டியை முழுதாக ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட் லாரி கேளுங்கள், இல்லாவிட்டால் முன்பக்கத்தைத் தூக்கிக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.